இ.சி.எச்.எஸ். கார்டு இருந்தும் அப்பாவுக்குப் படுக்கை இல்லை என்றார்கள், எங்கே முறையிடுவது?

ஹவில்தார் மகள்

எல்லாருக்கும் வணக்கம். அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து 1998-ல் ஓய்வு பெற்றவர். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். வந்த புதிதிலேயே பணம் கட்டிச் சேர்ந்துவிட்டார், பென்ஷனோடு வந்துகொண்டிருந்த மருத்துவப் படியும் அதோடு நின்றது. இப்போது வயது 72. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு, சில வருடங்களுக்கு முன் இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. நாங்கள் இருப்பது கிராமம், இந்தத் திட்டத்தின் கிளினிக்கான பாலிகிளினிக் இருப்பது மாவட்டத் தலைநகரில், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும்.

முதல் பிரச்சினை மருந்து. டாக்டர் எழுதிக் கொடுப்பதில் பாதிதான் கவுன்டரில் கிடைக்கும், மீதிக்கு "ஸ்டாக் வரவில்லை, அடுத்த வாரம் பாருங்கள்" என்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் க்ளோபிடோக்ரல் மாத்திரையை ஸ்டென்ட் வைத்தவர் ஒரு நாள்கூட விடக் கூடாது, அதை எப்படி அடுத்த வாரம் வரை தள்ளிப்போடுவது? வெளியில் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம், அந்தப் பணம் திரும்ப வந்ததே இல்லை.

இரண்டாவதுதான் பெரிய பிரச்சினை. போன மாதம் ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு இறுக்கமாகி வியர்த்துக் கொட்டியது. இ.சி.எச்.எஸ்.ஸோடு ஒப்பந்தம் போட்டு அதன் பட்டியலில் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனைக்குத்தான் தூக்கிக்கொண்டு போனோம். கார்டைக் காட்டியதும் "இ.சி.எச்.எஸ். பெட் எல்லாம் ஃபுல்" என்றார்கள். பணம் கட்டினால் இருக்கிறதா என்று தம்பி கேட்டான், இருக்கிறது என்றார்கள். அந்த நேரத்தில் வேறு ஊருக்குக் கொண்டு போக எங்களுக்குத் தைரியம் இல்லை. டெபாசிட் கட்டி ஐ.சி.யு.வில் சேர்த்தோம், அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. அப்பா இப்போது நன்றாக இருக்கிறார்.

இந்தப் பணத்தைக் கேட்க முடியுமா? யாரிடம் கேட்பது? இன்னொன்றும் மனதை அரிக்கிறது. அதே மருத்துவமனையில் முன்பு ஸ்டென்ட் வைத்தபோது அப்பாவுக்குப் பொது வார்டு, ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவருக்குத் தனி அறை. இரண்டு பேருக்கும் ஒரே நோய், ஒரே டாக்டர். அப்பா இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார், "ரேங்க் அப்படித்தான் பாப்பா" என்பார். எனக்குத்தான் ஆறவில்லை.

நாயப் சுபேதார் (ஓய்வு)

அம்மா, அப்பா தேறி வந்தது நல்ல சேதி. நான் ஓய்வுக்குப் பிறகு ஒரு பாலிகிளினிக்கில் கிளார்க்காக ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவன், அதனால் உள்ளே நடப்பது தெரியும்.

நெஞ்சு வலி, அதுவும் ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர் என்றால் அது எமர்ஜென்சி, அதில் வாதத்துக்கே இடமில்லை. பட்டியலில் உள்ள மருத்துவமனை அந்த நிலையில் கார்டைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும், டெபாசிட் கேட்கக் கூடாது. ரெஃபரல் என்ற பரிந்துரைச் சீட்டை வாங்க நீங்கள் ராத்திரியில் பாலிகிளினிக்குக்கு ஓட வேண்டியதும் இல்லை, 48 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் அனுப்புவது மருத்துவமனையின் பொறுப்பு. இதற்கெல்லாம் அவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் செய்தது ஒப்பந்த மீறல்.

ஆகவே முதலில் உங்கள் பாலிகிளினிக்கின் பொறுப்பு அதிகாரியான ஓ.ஐ.சி.க்கு எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் அது காற்றோடு போகும். அதே புகாரை இ.சி.எச்.எஸ். மண்டல மையத்தின் டைரக்டருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தமிழ்நாட்டுக்குச் சென்னையிலும் கோவையிலும் மண்டல மையம் இருக்கிறது, உங்கள் பாலிகிளினிக் எதன் கீழ் வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல, அந்த மருத்துவமனைக்கு ரெஃபரல் போவதை நிறுத்தி வைக்க, பட்டியலிலிருந்து எடுக்கப் பரிந்துரைக்க, எல்லாவற்றுக்கும் அங்கே வழி இருக்கிறது. அங்கேயும் அசையவில்லை என்றால் மத்திய அரசின் சி.பி.கிராம்ஸ் என்ற ஆன்லைன் புகார் தளத்தில் முன்னாள் படைவீரர் நலத் துறையைத் தேர்ந்தெடுத்துப் போடுங்கள். அதற்கு எண் விழும், பதில் சொல்லாமல் மூட முடியாது.

மருந்து விஷயம். கவுன்டரில் இல்லை என்றால் சும்மா திரும்பி வராதீர்கள். சீட்டில் அந்த மருந்துக்கு நேராக "என்.ஏ." (இருப்பில் இல்லை) என்று எழுதி சீல் போடச் சொல்லுங்கள். உள்ளூர் கடையோடு ஒப்பந்தம் இருந்தால் அங்கிருந்து வரவழைத்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் வெளியில் வாங்கிய ரசீதை வைத்துப் பணம் கேட்பதற்கு அந்த சீல்தான் ஆதாரம். சீல் இல்லாத ரசீதை எவரும் பாஸ் செய்ய மாட்டார்கள், உங்களுக்குப் பணம் வராததற்கு அநேகமாக இதுதான் காரணமாக இருக்கும்.

கவுன்டரில் இருக்கும் பிள்ளைகளைத் திட்டிப் பிரயோஜனமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாலிகிளினிக் தானாக மருந்து வாங்குவதில்லை, ராணுவ மருத்துவமனை வழியாகத்தான் இன்டென்ட், அதாவது தேவைப் பட்டியல், போகும். இன்டென்ட் போட்டது ஒன்று, வருவது ஒன்று, வருகிற நேரம் வேறொன்று. 2015-ல் மத்திய தணிக்கை அதிகாரியான சி.ஏ.ஜி. இந்தத் திட்டத்தைப் பற்றித் தனி அறிக்கையே கொடுத்தது, அதிலும் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. இன்றைக்கும் நீங்கள் அதையே எழுதுகிறீர்கள். நாங்கள் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, நம் கூடவே சர்வீஸ் பண்ணிய ஆளிடம் "மருந்து இல்லை" என்று சொல்ல வேண்டியிருக்கும், அதைவிட வேதனை கிடையாது.

பில்லிங் டெஸ்க்

நான் இன்னொரு ஊரில் தனியார் மருத்துவமனையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மேடம், உங்கள் அப்பாவுக்கு நடந்தது தப்பு. அந்தத் தப்பு ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது என்று சொன்னால் யாரைப் பிடித்து உலுக்குவது என்பது புரியும் என்பதால் எழுதுகிறேன்.

இ.சி.எச்.எஸ். நோயாளிக்கு எங்களுக்குக் கிடைப்பது மத்திய அரசு ஊழியர்களின் மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். போடும் கட்டணம். பெரும்பாலான சிகிச்சைகளுக்கு 2014-ல் போட்ட ரேட் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. 2023 ஏப்ரலில் டாக்டர் ஆலோசனைக் கட்டணம், அறை வாடகை, ஐ.சி.யு. மட்டும் கொஞ்சம் கூட்டினார்கள், வெளிநோயாளி ஆலோசனை 150 ரூபாய் இருந்தது 350 ஆனது, பொது வார்டு 1,000-லிருந்து 1,500. அறுவை சிகிச்சை உள்ளிட்ட கிட்டத்தட்ட 2,000 இனங்களுக்கு சி.ஜி.எச்.எஸ். ரேட் மாறியது 2025 அக்டோபரில்தான். நடுவில் பதினோரு வருடம் போய்விட்டது, அந்தப் பதினோரு வருடத்தில் நர்ஸ் சம்பளமும் கரன்ட் பில்லும் எவ்வளவு ஏறியது என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, ரேட் குறைவு என்றாலும் பணம் நேரத்துக்கு வந்தால் சமாளிக்கலாம். பில்லை ஆன்லைனில் ஏற்றுவோம், சரிபார்க்கும் நிறுவனம் ஒரு கேள்வி போடும், பதில் கொடுப்போம், அடுத்த கேள்வி வரும், கடைசியில் ஒரு தொகையைக் கழித்துவிட்டு பாஸ் செய்வார்கள், பாஸ் ஆனதும் உடனே பணம் வந்துவிடாது, ஃபண்ட் வந்தால்தான் வரும். நிதியாண்டு முடியும் சமயத்தில் ஃபண்ட் தீர்ந்துவிட்டது என்பார்கள். சின்ன மருத்துவமனைகள் இதில்தான் மூச்சு முட்டி நிற்கின்றன. அதனால் மேலே இருப்பவர்கள் ஒரு நாளைக்கு இத்தனை இ.சி.எச்.எஸ். கேஸ்தான் என்று வாய்மொழியாக ஒரு வரம்பு வைக்கிறார்கள். "பெட் ஃபுல்" என்பது அந்த வரம்புதான், உண்மையில் பெட் இருக்கும்.

இதைச் சொல்வதால் ராத்திரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த மனிதரைத் திருப்பி அனுப்பியது சரி என்று ஆகிவிடாது. கட்டுப்படியாகவில்லை என்றால் ஒப்பந்தத்திலிருந்து வெளியே வரட்டும், பட்டியலில் பெயரையும் வைத்துக்கொண்டு ஆளையும் விரட்டக் கூடாது.

வார்டு பற்றிக் கேட்டீர்கள். அறை மட்டும் மாறுவதில்லை, பல சிகிச்சைகளுக்கு எங்களுக்குக் கிடைக்கும் தொகையே வார்டைப் பொறுத்து மாறும். பொது வார்டுக்கும் தனி அறைக்கும் நடுவில் இருக்கும் செமி பிரைவேட்தான் அடிப்படை ரேட், 2014 பட்டியலில் பொது வார்டுக்கு 10 சதவீதம் குறைவு, தனி அறைக்கு 15 சதவீதம் அதிகம். 2025-ல் இதை இரு பக்கமும் 5 சதவீதமாகச் சுருக்கிவிட்டார்கள், நல்ல விஷயம். ஆனால் இத்தனை வருடமும் ஒரே ஆபரேஷனுக்கு ஹவில்தாருக்கு ஒரு விலை, கர்னலுக்கு ஒரு விலை. காலியாக ஒரு பெட் இருந்தால் நிர்வாகம் யாருக்குக் கொடுக்க நினைக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பழைய மேஜர்

மகளுக்கு, உங்கள் அப்பாவுக்கு நடந்தது கேட்கவே கோபம் வருகிறது, புகாரை விடாதீர்கள். வார்டு விஷயத்தில் மட்டும் ஒரு சிறு மாற்றுக் கருத்து. இ.சி.எச்.எஸ்.ஸில் சேரக் கட்டும் சந்தா ஒரே அளவு இல்லை. 2017 கடைசியில் வந்த உத்தரவுப்படி ஹவில்தார் வரை 30,000 ரூபாய், நாயப் சுபேதார், சுபேதார் போன்ற ஜே.சி.ஓ.க்களுக்கு 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. கூடக் கட்டுகிறவருக்கு அறை கொஞ்சம் வசதியாக இருப்பதை அநியாயம் என்று சொல்ல முடியுமா? சர்வீஸில் இருக்கும்போதும் குவார்ட்டர்ஸ் ரேங்க்படிதானே கொடுத்தார்கள். என் கவலை அறை இல்லை, அறைக்குள் கிடைக்கும் மருத்துவம். அது எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் போதும்.

ஹவில்தார் மகள்

மேஜர் சார், மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். 1996-க்கு முன்னால் ஓய்வு பெற்றவர்களுக்குச் சந்தாவே கிடையாது, ஹவில்தாரானாலும் ஜெனரலானாலும் ஒரு ரூபாய் கட்ட வேண்டாம். அவர்களுக்கும் வார்டு ரேங்க்படிதானே தருகிறார்கள்? அப்படியானால் கூடக் கட்டியதால் கூட வசதி என்பது எப்படி நிற்கும்? எங்கள் பக்கத்துத் தெருவில் 1971 போரில் இருந்த தாத்தா ஒருவர் இருக்கிறார், சிப்பாயாகவே வெளியே வந்தவர், அவருக்கும் பொது வார்டுதான். குவார்ட்டர்ஸ் வேறு சார், அது வேலைக்கான வீடு. நோய்க்குப் படுக்கும் இடத்தை வேலையை விட்டு இத்தனை வருடம் கழித்தும் தோள்பட்டையைப் பார்த்துத்தான் கொடுப்பார்களா?

பில்லிங் டெஸ்க் சொன்ன 10 சதவீதம், 15 சதவீதம் எனக்குத் தெரியாது. மருத்துவமும் ஒன்றாகத்தான் இருக்கிறதா என்ற சந்தேகமே அதைப் படித்த பிறகுதான் வருகிறது.

பழைய மேஜர்

1996-க்கு முந்தையவர்கள் பற்றி நீங்கள் சொன்னது சரி, அங்கே என் வாதம் நிற்காது. ரேட்டில் வித்தியாசம் இருக்கவே கூடாது என்பதிலும் உங்களோடுதான் நிற்கிறேன். ஸ்டென்டுக்கு ரேங்க் தெரியாது. எங்கள் ஊர் சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதி அனுப்பச் சொல்கிறேன்.

அக்னிவீர் அம்மா

நான் கொஞ்சம் வேறு பக்கம் இழுக்கிறேன், மன்னிக்கவும். மருந்து வரவில்லை, பெட் இல்லை என்று பேசுகிறீர்கள், உங்களுக்குக் கார்டாவது இருக்கிறது. என் பையன் 2023-ல் அக்னிவீராகச் சேர்ந்தவன். நான்கு வருடம் முடிந்ததும் நூற்றில் இருபத்தைந்து பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள், மற்றவர்களுக்கு சேவா நிதிப் பணம் உண்டு, பென்ஷன் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்து இல்லை, இ.சி.எச்.எஸ். இல்லை. சர்வீஸில் இருக்கும்போது ஊனமானால் 50, 75, 100 சதவீதம் என்று கணக்குப் போட்டு 15, 25, 44 லட்சம் என்று ஒரே தடவையாகக் கொடுப்பார்களாம். முழங்கால் தேய்ந்து, முதுகு பிடித்து, காது மந்தமாகி 50 சதவீதத்துக்குக் கீழே நின்றுவிட்டால்? மலையில் இருந்த குளிர் உடம்பில் எப்போது வேலை காட்டும் என்று யார் சொல்ல முடியும்? இருபத்தைந்து வயதில் தெரியாது, நாற்பத்தைந்தில் தெரியும். அப்போது அவனுக்கு எந்தக் கதவு?

சோல்ஜர் போர்டு பக்கம்

அக்கா, உங்கள் கேள்விக்கு இன்றைய விதியில் நல்ல பதில் இல்லை என்பதுதான் உண்மை. ஆனால் விதி மாறாது என்று நினைக்க வேண்டாம். பயிற்சியில் அடிபட்டு மருத்துவக் காரணத்தால் வெளியே அனுப்பப்பட்ட அதிகாரி கேடட்கள் பல வருடம் எந்தச் சலுகையும் இல்லாமல் கிடந்தார்கள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த விஷயத்தை எடுத்தது, அந்த மாதக் கடைசியிலேயே பாதுகாப்பு அமைச்சகம் அவர்களுக்கு இ.சி.எச்.எஸ். கொடுத்தது, சந்தாவும் வேண்டாம் என்றது. அதற்கு முன்னால் 2019-ல் குறுகிய காலமே பணிபுரியும் ஷார்ட் சர்வீஸ் அதிகாரிகளைச் சேர்த்தார்கள். அதிகாரிகளுக்குத் திறந்த கதவு ஜவான்களுக்கும் திறக்க வேண்டும், அதற்கு உங்களைப் போன்ற பெற்றோர் சேர்ந்து எம்.பி.க்களிடம் மனுவாகவே கொடுக்க வேண்டும், முதல் அணி வெளியே வருவதற்குள்.

பென்ஷன் இல்லாமல் வெளியே வந்த பழைய சிப்பாய்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். முன்னாள் படைவீரர் அடையாள அட்டை இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக மத்திய அரசின் படைவீரர் நல வாரியமான கேந்திரிய சைனிக் போர்டுக்கு விண்ணப்பிக்கலாம். இதயம், சிறுநீரகம், புற்றுநோய் மாதிரி பெரிய நோய்களுக்கு நிதி உதவி உண்டு. 65 வயது தாண்டி வருமானம் இல்லாதவர்களுக்கு மாத உதவி 4,000-லிருந்து 8,000 ஆக 2025 நவம்பரிலிருந்து கூடியிருக்கிறது. பல பேர் இதைக் கேள்விப்படவே இல்லை, டிஸ்சார்ஜ் புக் பெட்டிக்கு அடியில் கிடக்கும்.

சி.ஆர்.பி.எஃப். வீட்டுக்காரி

ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன். என் கணவர் சத்தீஸ்கரிலும் காஷ்மீரிலும் இருந்தவர், ஓய்வுக்குப் பிறகு எங்களுக்கு இ.சி.எச்.எஸ். கிடையாது, சி.ஜி.எச்.எஸ். தான், அதன் மையம் சென்னை மாதிரி சில ஊர்களில் மட்டும். உங்களுக்கு இரண்டு பஸ் என்றால் எங்களுக்கு ராத்திரி ரயில். நியாயம் பேசும்போது எங்களையும் சேர்த்துப் பேசுங்கள்.

ஹவில்தார் மகள்

எல்லோருக்கும் நன்றி. அக்னிவீர் அம்மாவும் சி.ஆர்.பி.எஃப். அக்காவும் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "அவங்க மனுவில் என் கையெழுத்தும் வேணும்னா சொல்லு" என்றார்.

நாயப் சுபேதார் ஐயா, புகார் எழுதிவிட்டேன். ஒரு சந்தேகம். பணம் கட்டி சேர்த்ததால் டிஸ்சார்ஜ் சம்மரியில் இ.சி.எச்.எஸ். என்று எங்கேயும் இல்லை, சாதாரண நோயாளி மாதிரி போட்டிருக்கிறார்கள். கார்டைக் காட்டவே இல்லை என்று அவர்கள் மறுத்தால் என்ன செய்வது? அங்கே எமர்ஜென்சி சர்டிபிகேட் கேட்டால் தருவார்களா?

நாயப் சுபேதார் (ஓய்வு)

மறுக்கத்தான் செய்வார்கள், அதற்குத் தயாராக இருங்கள். சேர்த்த நேரம், டெபாசிட் ரசீதின் நேரம், கூட வந்தவர்கள் யார், கவுன்டரில் என்ன பேச்சு நடந்தது, எல்லாவற்றையும் தம்பியின் கையெழுத்தோடு புகாரில் எழுதுங்கள். வரவேற்பில் கேமரா இருக்கும், அந்த நேரத்துப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி மருத்துவமனைக்கு இன்றே ஒரு கடிதம், நகல் ஓ.ஐ.சி.க்கு. பதிவு நாளாக நாளாக அழிந்துபோகும், ஒரு மாதம் ஆகிவிட்டது என்பதால் இதை முதலில் செய்யுங்கள்.

எமர்ஜென்சி சர்டிபிகேட் சிகிச்சை பார்த்த டாக்டர் தர வேண்டியது, கேட்பது உங்கள் உரிமை. தரவில்லை என்றாலும் கலங்க வேண்டாம், ஐ.சி.யு. நோட்ஸ், ஈ.சி.ஜி., மாரடைப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ட்ரோபோனின் ரிசல்ட் மூன்றையும் கேஸ் ஷீட் நகலோடு வாங்குங்கள், எமர்ஜென்சி என்று அவையே பேசும். 2018-ல் சிவகாந்த் ஜா என்ற ஓய்வு பெற்ற மத்திய அரசு அதிகாரியின் வழக்கில் உச்ச நீதிமன்றம், மருத்துவமனை பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பணத்தை மறுக்கக் கூடாது, சிகிச்சை உண்மையில் நடந்ததா என்று பார் என்று சொன்னது. அது சி.ஜி.எச்.எஸ். வழக்குதான், ஆனாலும் உங்கள் கடிதத்தில் குறிப்பிடுங்கள், பட்டியலில் இருக்கும் மருத்துவமனையே உங்களிடம் வாங்கியிருக்கிறது என்பதால் உங்கள் பக்கம் இன்னும் பலம்.

அசல் பில், ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் நகல் எடுக்காமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம். கார்டு நகலும் அப்பாவின் பெயரில் கேன்சல் செய்த ஒரு செக்கும் கூடவே வையுங்கள். திங்கட்கிழமை காலை ஓ.ஐ.சி. சீட்டில் இருப்பார், கூட்டம் சேர்வதற்கு முன்னால் போய்விடுங்கள். மண்டல மையத்துக்கு எழுதும் கடிதத்தை வேண்டுமானால் இங்கே போடுங்கள், பெயரையும் கார்டு எண்ணையும் மறைத்துவிட்டு, நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.